முந்நூற்று எண்பத்தேழரை மீட்டர்

பாலாற்றங்கரைத் தடகளச் சங்கத் தலைவர் தாமோதரன் பஸ் பிடிக்கக்கூட ஓடியவர் இல்லை. செங்கல்பட்டில் இரண்டு கல்யாண மண்டபம், கோவளம் போகிற வழியில் ஒரு ரிசார்ட்டில் பங்கு, இருபத்தோரு வருஷமாக இந்த நாற்காலி. விளையாட்டில் அவருக்குப் பிடித்தது தொடக்க விழா ஒன்றுதான். புறா விடுவார், பலூன் விடுவார், சால்வை போட்டுக்கொள்வார். முதல் பந்தயத்துக்கு விசில் ஊதும்போது டிபன் சாப்பிட உள்ளே போய்விடுவார்.

அவர்தான் பூங்கொடியைச் சங்கச் செயலாளர் ஆக்கினார். பாசமெல்லாம் இல்லை. நிர்வாகத்தில் ஓடின ஆள் ஒருத்தராவது இருந்தால்தான் மானியம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒலிம்பிக் வரை போன ஒரே ஆள் பூங்கொடி. நாலு பேர் சேர்ந்து ஓடும் தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடினாள். அணி முதல் சுற்றிலேயே கடைசியாக வந்து மூட்டை கட்டியது. ஸ்டேஷனில் மாலை போட்ட ஆட்களே அடுத்த வாரம் "மெடல் எங்கம்மா?" என்று கேட்டார்கள். இப்போது வயது முப்பத்தைந்து. முட்டி போய்விட்டது. ரயில்வே ஆபீசில் வேலை.

"நீ ஒண்ணும் பண்ணவாணாம்மா," என்றார் தாமோதரன். "லெட்டர்பேடுல உன் பேருக்குக் கீழ ஒலிம்பியன்னு போட்டுக்கறோம். நாங்க நீட்டுற எடத்துல கையெழுத்து போடு, போதும்."

"படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன் தலைவரே."

"தாராளமா படி. இங்க படிக்கறவங்களப் பாத்து ரொம்ப நாளாவுது."

சங்கத்து மைதானம் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே ஏரியை ஒட்டி இருந்தது. அதன் மதில் சுவரில் நீல எழுத்தில் எழுதியிருந்தார்கள்: நானூறு மீட்டர், பெண்கள், பூங்கொடி, 54.1 விநாடி. பதினேழு வயதில் ஓடியது. ஊரில் அவளுக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த ஒரு வரிதான். ஒலிம்பிக்கை யார் பார்த்தார்கள்? சுவரைத்தான் தினம் பார்த்தார்கள்.

இந்த மைதானத்தில் பறந்த பிள்ளைகள் வெளியூர் போனால் இரண்டு விநாடி பின்தங்கி வருவார்கள். அதற்குச் சங்கம் ஒரு காரணம் வைத்திருந்தது: வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. சும்மா சொல்லவில்லை, நம்பினார்கள். மாநிலப் போட்டிக்குப் போகும்போது மைதானத்து போர்வெல் தண்ணீரை இருபது லிட்டர் கேனில் பிடித்து ரயிலில் ஏற்றுவார்கள். பூங்கொடியும் பதினேழு வயதில் திருச்சிக்குக் கேன் தூக்கிக்கொண்டு போனாள். அதையே குடித்துவிட்டு ஐம்பத்தாறு ஓடினாள். "கேன வெயில்ல வெச்சிட்டியா?" என்று திட்டினார்கள். அதற்கப்புறம் மாநிலப் பயிற்சிக் கேம்ப்பில் மூன்று வருஷம் நாக்குத் தள்ள ஓடித்தான் நிஜமான ஐம்பத்து நாலைப் பார்த்தாள். இந்த மைதானத்துக்கு அவள் திரும்பி வந்ததெல்லாம் மேடையில் உட்கார்ந்து சால்வை வாங்க மட்டும்தான்.

செயலாளரான பிறகு நடந்த முதல் போட்டியில், ஜெயப்பிரியா என்ற பிளஸ் டூ பெண் நானூறு மீட்டரை 53.8இல் முடித்தாள். பட்டாசு வெடித்தது. தாமோதரன் இட்லியைப் பாதியில் விட்டு ஓடிவந்தார். அவர் மைதானத்தில் ஓடியது அன்று ஒருநாள்தான். மாநில அணித் தேர்வுக்கு அனுப்பும் தாளைப் பூங்கொடியிடம் நீட்டினார்.

பூங்கொடி பேனாவை எடுக்கவில்லை. ஐம்பத்து மூன்று விநாடியில் ஓடுகிற கால்களைப் பக்கத்தில் ஓடிப் பார்த்தவள் அவள். இந்தப் பெண்ணின் ஓட்டம் நல்ல ஓட்டம், ஆனால் அது ஐம்பத்து மூன்று இல்லை. இந்தக் கணக்கோடு போனால், தான் நின்ற மாதிரியே இவளும் அங்கே நாலு பேர் சிரிக்க நிற்பாள்.

"நாளைக்குப் போடறேன்," என்றாள்.

மறுநாள் காலை ஐம்பது மீட்டர் டேப்போடு வந்தாள். சுண்ணாம்புக் கோடு போடுகிற ஏசுதாஸ் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். எட்டாவது தடவை டேப்பை நீட்டியபோது, முப்பத்தேழரை மீட்டரிலேயே முடிவுக் கோடு வந்துவிட்டது. இன்னொரு முறை அளந்தாள். அதேதான்.

ஏசுதாஸ் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா அண்ணே?"

"தெரியாம இன்னா? கவுறு அறுத்ததே நான்தான."

வளைவுக்குக் கோடு போட நடுவில் முளை அடித்து, அதில் கயிறு கட்டிச் சுற்றி வருவார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் தாமோதரன் சிமெண்டு மேடை கட்டினார். சோபா இரண்டு வரிசை போடவேண்டும் என்று மேடை நாலு மீட்டர் ஓடுபாதைக்குள் வந்துவிட்டது. நேர்ப்பாதையை உள்ளே தள்ளி, இரண்டு பக்க வளைவுக்கும் கயிற்றில் இரண்டு மீட்டர் குறைத்துக்கொள்ளச் சொன்னார். வளைவு சுருங்கியதில் பன்னிரண்டரை மீட்டர் போயே போய்விட்டது.

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சுண்ணாம்பு போடறவனக் கூப்டு டிராக்கு எவ்ளோ நீளம்னு யாரும்மா கேட்டாங்க? நீயே எத்தினி தபா வந்து அந்த மேடையில குந்திகினு போன."

பூங்கொடி டேப்பைச் சுற்றினாள். "அறுத்த கயிறு?" என்றாள்.

"ஆடு கட்டிகினு கீறேன்."

கமிட்டி கல்யாண மண்டபத்துப் பந்தி ஹாலில் கூடியது. பூங்கொடி அளவைச் சொன்னாள். போண்டாத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது.

"பன்னண்டு மீட்டர் ஒரு மேட்டரா?" என்றார் தாமோதரன். "நானூறுல பன்னண்டு. தாம்பூலப் பையில ஒரு பாக்கு கொறஞ்சா யாராவது கேப்பானா?"

"ஓடறவங்க கேப்பாங்க தலைவரே."

"சரிம்மா, ஓப்பனாவே பேசலாம். பதினெட்டு வருசம் உன் பேரு செவுத்துல இருந்துச்சு. நேத்து ஒரு சின்னப் பொண்ணு தூக்கிட்டா. இன்னிக்கு டேப்பு எடுத்துகினு வர. வயித்தெரிச்சல்னு ஊரே சொல்லும்."

ஊர் சொல்லவும் செய்தது. ஜெயப்பிரியாவின் அம்மா பெயர் வேண்டா. கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவள். யூனிபார்மோடு பூங்கொடி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"உன் பேரு போயிடுமேன்னு எம் பொண்ணு கால வாரிவுடறியா? நல்லா இருப்பியா நீ?"

"என் பேரும் பொய்தான் வேண்டா. மொதல்ல அதைத்தான் அழிக்கப்போறேன்."

"அழிச்சா உனுக்கு இன்னா நஷ்டம்? உனுக்கு வேல கீது. எம் பொண்ணுக்கு இந்த ஓட்டந்தான் கீது."

பூங்கொடியை அது குத்தியது. வேண்டா சொன்னதில் தப்பு இல்லை. ஐம்பத்து நாலு என்ற பொய்தானே தன்னைக் கேம்ப் வரைக்கும் கொண்டுபோனது என்று ராத்திரியெல்லாம் யோசித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லவள். கூடவே அந்தத் திருச்சி வெயிலும் கேனும் நினைவுக்கு வந்தன.

காலையில் மைதானத்துக்குப் போய், ஏசுதாஸின் சுண்ணாம்பு வாளியில் மட்டையை முக்கித் தன் பெயரைத் தானே அடித்தாள். நீலம் அழிய மூன்று பூச்சு ஆனது. மேடை கட்டிய நாளிலிருந்து எடுத்த வளைவு ஓட்ட நேரமெல்லாம் செல்லாது என்று சங்கத்து லெட்டர்பேடிலேயே எழுதினாள். ஒலிம்பியன் என்ற எழுத்துக்கு மேலே கையெழுத்துப் போட்டாள். மறுஓட்டத்துக்குத் தேதி வைத்தாள். அந்தக் காகிதத்தின் நகல் மானியம் கொடுக்கிற இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் தாமோதரனுக்குப் போண்டா இறங்கவில்லை; மறுஓட்டத்தைத் தடுத்தால் மானியம் போய்விடும்.

"கோடு எங்கம்மா போடறது? எதிர்ல மேடை கீதே," என்றார் ஏசுதாஸ்.

"எங்க வரணுமோ அங்க போடு அண்ணே."

பழைய அளவுக்குப் புதுக் கயிறு வாங்கினார்கள். ஆறு, ஏழு, எட்டாம் பாதைகள் மேடை மேல் ஏறின. ஏசுதாஸ் சோபாக்களை நகர்த்தி, சிமெண்டின் மேல் வெள்ளைக் கோடு இழுத்து, சோபாவைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். மறுஓட்டத்தன்று தாமோதரன் ஏழாம் பாதையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் எட்டில் இருந்தது. பிள்ளைகள் ஐந்து பாதையில் ஓடினார்கள்.

ஜெயப்பிரியா கடைசி வளைவில் கொஞ்சம் தடுமாறினாள். பழைய ஓட்டம் முடிகிற தூரம் வந்ததும் தன்னையறியாமல் வேகம் குறைந்தது. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தை ஓடினாள். 55.7.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "தலைவரே, இன்னிக்கும் வெளியூர்த் தண்ணியா?"

தாமோதரன் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

வேண்டா பூங்கொடியைப் பார்க்காமல் மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாநிலத் தேர்வில் ஜெயப்பிரியா ஐந்தாவதாக வந்தாள். 55.6. யாரும் கேன் தூக்கிக்கொண்டு போகவில்லை. அங்கே ஒரு பயிற்சியாளர் அவளை இன்னும் ஒரு தடவை ஓடச் சொல்லிப் பார்த்து, கேம்ப்புக்குப் பெயர் எழுதிக்கொண்டார். வேண்டா போன் செய்து அந்தச் செய்தியை மட்டும் சொன்னாள். "வெச்சிடட்டா?" என்று கேட்டாள். வைக்காமல், "சாப்ட்டியா?" என்றும் கேட்டுவிட்டு வைத்தாள்.

அடுத்த வாரம் மைதானத்து வாசலில் இருபதடி ஃபிளெக்ஸ் நின்றது. தாமோதரன் ஸ்டாப்வாட்சைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில், 'முழு நானூறு மீட்டர் தந்த மாமனிதரே' என்று போட்டிருந்தது.

"கிழிச்சிடட்டாம்மா?" என்றார் ஏசுதாஸ்.

பூங்கொடி நின்று முழுதாகப் படித்தாள்.

"இருக்கட்டும் அண்ணே. நல்ல கெட்டியா இருக்கு. மழைக்கு உன் ஆட்டுக் கொட்டாய்க்கு ஆவும்."