மச்சாளுக்கு வீடு இல்லை

ஜெர்மனியின் ஹம் நகரத்துப் பூங்காவில் கண்ணாடியால் கட்டிய யானை ஒன்று நிற்கிறது. அதன் துதிக்கைக்குள் லிஃப்ட் ஓடுகிறது. யானைக்கே லிஃப்ட் கொடுத்த இந்த ஊரில், தவராசா குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் இல்லை. இடுப்பெலும்பு ஒப்பரேசன் முடிந்ததும் ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைக் கதிரையில் வைத்து மேல்மாடிக்குத் தூக்கிச் சென்றார்கள். அதன்பிறகு, வைத்தியரிடம் போகும் நாள் தவிர, அவருடைய கால் தெருவில் படவில்லை. கம்பித் தொழிற்சாலையில் தலை நரைக்கும்வரை உழைத்த மனிதர், சன்னலருகே இருந்தபடி கீழே போகும் நாய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டார். நாய்களும் நிமிர்ந்து பார்த்தன என்று சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்.

அவருடைய மனைவி மகாதேவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஊரார் வீட்டு முதியவர்களையெல்லாம் தூக்கி, நடத்தி, குளிக்க வைத்துவிட்டு வருபவள், சொந்தக் கணவனைப் படியிறக்க வழியில்லாமல் நின்றாள். நிலமட்டத்தில், வாடகை கட்டக்கூடிய ஒரு வீடு. அவள் கேட்டது அவ்வளவுதான்.

கேட்டுப் பாருங்களேன்! ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது வாசலில் காமாட்சி அம்மன் தேருக்கு வந்ததுபோல் சனம். வரிசையின் வால் பக்கத்து ஊர் ரயில் நிலையத்தில் கிடந்தது. வாலில் நின்ற ஒருவருக்கு, முன்னால் வந்து சேர்வதற்குள் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், உண்மைதான். ஆனால் இன்னொரு வீட்டுக்காரன், "நீங்கள் சமைத்தால் மணம் சுவர்த்தாளில் ஏறிவிடுமே" என்று சொன்னதில் ஒரு எழுத்தும் நான் கூட்டவில்லை.

"அவையள் முட்டைக்கோவா அவிச்சால் மட்டும் மல்லிகைப்பூ மணக்குதோ?" என்று மகாதேவி பஸ் முழுக்கப் பொருமிக்கொண்டு வந்தாள்.

கடைசியில் ஊரின் ஓரத்தில் ஒரு வீடு அகப்பட்டது. கீழ்த்தளம். தோட்டத்துப் பக்கமாக ஒரு படிகூட இல்லாமல் உள்ளே போகலாம். மேலே வீட்டுக்காரி ஹெல்சர் குடியிருந்தாள். வீடு பார்க்கும் நாளில், சொல்லக்கேளாமல், தவராசாவும் ஊன்றுகோலோடு டாக்சியில் வந்து இறங்கினார். குளியலறையைப் பார்த்தார், கதவுகளைத் தட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"யார் யார் குடியிருக்கப் போகிறீர்கள்?" என்று ஹெல்சர் கேட்டாள். மகள் வேணுஜா சொன்னாள்: மகாதேவி செல்லையா, தவராசா கந்தையா, வேணுஜா தவராசா.

ஹெல்சரின் புருவம் ஏறியது. "மூன்று குடும்பப் பெயர்களா? நான் ஒரு குடும்பத்துக்குத்தான் கொடுப்பேன்."

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அவரவர் தகப்பன் பெயரைக் கொண்டுவந்தார்கள், இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர் அதை அப்படியே எழுதிக்கொண்டது. வேணுஜா அதை அழகான ஜெர்மனில் விளக்கத் தொடங்கினாள். தகப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, நீ பொறு. நான் விளங்கப்படுத்திறன்."

"அப்பா, சும்மா இருங்கோ!"

யார் கேட்டது? தொழிற்சாலையில் பழகிய ஜெர்மனில் தவராசா முழங்கினார். "செல்லையா என்ர அம்மாவின்ர தமையன். இவ அவரின்ர மகள். எனக்கு மச்சாள்." மச்சாளுக்கு ஜெர்மனில் அவருக்குத் தெரிந்த சொல் 'குசீனே'. மாமன் மகளுக்கும் அதே சொல், பெரியப்பா மகளுக்கும் அதே சொல்.

"அப்படியானால் உங்கள் மனைவி எங்கே?"

"இவதான்!"

"இவர் உங்கள் மாமாவின் மகள் என்றீர்களே?"

"ஓமோம், அதாலைதானே கட்டினனான்!"

ஹெல்சரின் மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்து நின்றது. வேணுஜா தோட்டத்துப் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தாள்.

எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. இந்தக் கண்டத்து அரசர்கள் தலைமுறை தலைமுறையாகச் சித்தப்பா மகள், பெரியப்பா மகள் என்று கட்டிக்கொண்டு அறைகளை எண்ணி முடியாத மாளிகைகளில் இருந்தார்கள். அவர்களை எந்த வீட்டுக்காரி கேள்வி கேட்டாள்? முறைப்படி மாமன் மகளைக் கட்டிய கம்பித் தொழிற்சாலைக்காரனுக்கு இரண்டு அறை இல்லையாம்!

டாக்சியில் மகாதேவி வெடித்தாள். "கட்டின நாளிலையிருந்து என்னைப் பெஞ்சாதி எண்டு ஒருக்காலும் வாயாலை சொன்னதில்லை. சொல்லவேண்டிய இடத்திலையும் மச்சாளோ?"

"மச்சாள் எண்டால்தானே நீர் திரும்பிப் பாக்கிறனீர்," என்றார் தவராசா, குற்றவாளிபோலத் தலை குனிந்தபடி.

இரண்டாம் நாள் ஹெல்சர் தொலைபேசியில் சொன்னாள்: "மன்னிக்கவும். ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க நினைத்திருக்கிறேன்."

அந்த 'ஒரு குடும்பம்' என்ற சொல்தான் மகாதேவியைக் கிளப்பியது. வேலை முடிந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் போனாள். வீடு பார்த்த அன்று தோட்டத்து வழியாகப் போனதால் தெருப்பக்கத்து வாசலை அவள் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தாள். ஹெல்சரின் அழைப்புமணிக்குப் பக்கத்தில் மூன்று பெயர்கள்: ஹெல்சர், குளோசெ, யான்சென்.

மணியில் வைத்த விரலை, கதவு திறக்கும்வரை அவள் எடுக்கவில்லை.

"இதிலை மூண்டு பேர் கிடக்கு. மேலை மூண்டு குடும்பமோ?"

"இல்லையே. ஹெல்சர் நான். குளோசெ என் மகள் லாரா, அது என் முதல் கணவரின் பெயர். யான்சென் என் பேத்தி, அவளுக்கு அவள் தகப்பனின் பெயர்."

"அப்ப நீங்கள் ஒரு குடும்பம்?"

"நிச்சயமாக!"

சொன்ன வாய் மூடவில்லை. பின்னால் படியில் நின்ற லாரா, "அம்மா, வசமாக மாட்டிக்கொண்டாய்!" என்று சத்தமாகச் சிரித்தாள்.

ஹெல்சர் கடைசியாக ஒரு முயற்சி செய்தாள். குரலைத் தாழ்த்தி, "ஆனால் அந்தக் குசீனே விஷயம்..."

"அவர் என்ர மாமியின்ர மகன். உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டால் மாமியோடைதான் கதைக்கோணும். அவ செத்துக் கனகாலம். அந்த மனிசனுக்குப் படி ஏற ஏலாது. வீடு தருவியளோ, மாட்டியளோ?"

தந்தாள். மன்னிப்புக் கேட்டாளா? அதெல்லாம் இல்லை. குடிபோன அன்று வாசலில் 'தவராசா' என்று ஒற்றைப் பெயர்ப் பலகை தயாராக இருந்தது. ஒரு பெயர்தான் வடிவு என்று விளக்கம் வேறு. மகாதேவி அதைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தாள். "மூண்டையும் போடுங்கோ. எழுத்துச் சின்னனாய் வந்தாலும் காரியமில்லை." இப்போது அந்தப் பலகையைத் தபால்காரர் மூக்கால் வாசிக்கிறார்.

தவராசா காலையில் ஊன்றுகோலோடு தெருவுக்கு இறங்குகிறார். பழைய நாய்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. புதிய நாய்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். திரும்பி வந்து, சட்டைப்பையில் கதவுத் திறப்பு இருந்தும், வேண்டுமென்றே மணியை அடிப்பார்.

"ஆரது?"

"மச்சான்."

"மச்சான்மாருக்கு இஞ்சை வீடு இல்லை!" என்று உள்ளிருந்து பதில் வரும், மேல்வீட்டுக்கும் கேட்கும்படியாக.