பாட்டுக்கு விக்கல் எடுத்த காலம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாட்டு சரியில்லை என்றால், அதை யாரும் அப்படி மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள். "என்னப்பா, பாட்டு மூக்கால பாடுது" என்பார்கள். "பல்லு கூசுது" என்பார்கள். ஒரு திருவிழாவில் கோயில் தலைவர், கும்பிட்ட கையை இறக்காமலே என்னிடம் வந்து, "தம்பி, அந்தப் பொம்பள தகர டின்னுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பாடுறா. பாவம், கொஞ்சம் வெளிய எடுத்து விடு" என்றார். பாடியவர் எந்த ஊரோ, எந்த நாடோ. அவர் மேல் இவருக்கு அவ்வளவு இரக்கம்.

நான் பகலில் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறேன். கல்யாணம், சடங்கு, திருவிழா என்று வந்தால் அதே ஆட்டோவில் ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு பாட்டுப் போடப் போவேன். ஒரு பழைய மடிக்கணினி, அதற்குள் டிஜேக்கள் பாட்டோடு பாட்டைக் கலக்கும் மென்பொருள், வெளியே ஒரு சின்ன சவுண்ட் கார்டு. என் செட் இவ்வளவுதான். இதற்கென்று எங்கும் போய்ப் படித்ததில்லை. எவரோ பேசும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர்கள் சொல்வது பாதிதான் புரியும். மீதியை எங்கள் சனங்கள் புரியவைத்துவிடுவார்கள்.

பாட்டு மூக்கால் பாடினால் அது வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி இளைத்துப் போன கோப்பு. பல்லுக் கூசினால் சத்தத்தை நான் சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றிவிட்டேன் என்று அர்த்தம். வேகத்தைக் கூட்டும்போது பாடகரின் குரல் எலிக்குஞ்சு மாதிரி ஆகிவிட்டால், சுருதியை மாறாமல் பிடித்து வைக்கும் பொத்தானை அமுக்க மறந்திருப்பேன். வீடியோக்காரர் அரை மணி நேரம் விளக்குவதை, இங்கே வெற்றிலை போட்ட வாய் ஒன்று மூன்று சொல்லில் முடித்துவிடும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது விக்கல். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று "ட்ர்ர்" என்று நின்று, ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மேலே போகும். போன மாதம் பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் ஒரு சடங்கு வீட்டில் அதுதான் நடந்தது. வரிசையாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தூக்கிய கையைத் தூக்கியபடியே நின்றார்கள். பாட்டு மறுபடி வந்தபோது பாதிப் பேர் முன்னே இருந்தார்கள், பாதிப் பேர் பின்னே. மேல் லயத்துச் சித்தப்பா ஒருவர், எனக்குச் சித்தப்பா இல்லை, தோட்டத்துக்கே சித்தப்பா, ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"பாட்டுக்கு விக்கல் எடுக்குதுப்பா. குடுத்துப் பாரு."

சனம் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது. மறுநாளிலிருந்து நான் விக்கல் செட்டுக்காரன். ஹட்டன் ஸ்டாண்டில் என் ஆட்டோ போய் நின்றாலே யாராவது ஒருவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு விக்குவான்.

இந்த நிலையில்தான் கல்யாணப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அக்காவின் மகள். கொழும்பில் தையல் தொழிற்சாலையில் வேலை. மாப்பிள்ளை மஸ்கெலியா. வரவேற்பு அன்று அவளும் கூட வேலை செய்யும் பெண்களும் சேர்ந்து ஆடுவதற்காக, போர்டிங் அறையில் கட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பழகியிருக்கிறார்கள்.

"மாமா, பாட்டு நீங்கதான் போடணும். அம்மா வேற யாரையும் கூப்பிட விடமாட்டேங்குது."

"அதுக்கு ஏன்டி மூஞ்சிய அப்படி வச்சிருக்க?"

"அன்னைக்கு அந்தச் சடங்குல நானும் இருந்தேன் மாமா."

அவளே தொடர்ந்தாள். "பாட்டு கொஞ்சம் வேகமா வேணும், ஆனா குரல் மாறக் கூடாது. அப்புறம் நடுவுல ஒரு இடத்துல பாட்டு நிக்கும். அது பாட்டுலயே உள்ளது. அங்க கைய இப்படி வச்சு அசையாம நின்னுட்டு, மத்தளம் விழுந்ததும் சுத்தணும். நீங்களா வேற எங்கயும் நிப்பாட்டிராதீங்க."

"மாட்டேன்டி."

"நீங்க ஆட்டோவுல ஏறிப் போயிருவீங்க. நான் அந்த வீட்டுக்கு வாழப் போறேன். விக்கல் புள்ளன்னு பேரு வச்சா பேரப்புள்ள எடுக்குற வரைக்கும் போகாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் ஒட்டினால் எப்படி ஒட்டும் என்பது எனக்குப் புதிதாகத் தெரியவேண்டியதில்லை.

அன்றிலிருந்து நான் வைத்தியத்தில் இறங்கினேன். முதலில் கோப்புகள். இளைத்துப் போன பாட்டையெல்லாம் பெரிய கோப்பாக மாற்றிச் சேமித்தால் குரல் திரும்பிவிடும் என்று நினைத்தேன். மாற்றியும் பார்த்தேன். என் மனைவி அடுப்புக்கு எதிரே இருந்து கேட்டுவிட்டு, "சாயம் எறங்கிப்போன தூள்ல மறுபடி தண்ணி ஊத்தி, பெரிய கப்புல குடுத்தா பிளேன்டீ ஆயிருமாங்க?" என்றாள். சரிதான். போன சத்தம் போனதுதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நல்ல தரத்தில் உள்ள பாட்டுகளைக் காசு கொடுத்து இறக்கினேன்.

அடுத்தது சவுண்ட் கார்டு. அது ஒரு கணக்கில் சத்தத்தை வாங்க, மென்பொருள் வேறொரு கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருவர் தமிழில் பேச, இன்னொருவர் சிங்களத்தில் கேட்க, நடுவில் ஒருவர் ஓயாமல் மொழிபெயர்ப்பது மாதிரி. இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்ததும் அந்த நடு ஆளுக்கு வேலை போய்விட்டது. சத்தமும் தெளிந்தது.

பிறகு பஃபர். கொழுந்து லொறி வரப் பிந்தினாலும் தொழிற்சாலை நிற்காமல் இருக்க முன்கூட்டியே கொட்டி வைப்பார்கள் அல்லவா, அதுபோல மென்பொருளும் கொஞ்சம் சத்தத்தை முன்னால் தயார் செய்து வைக்கும். அந்த இருப்பு தீர்ந்தால்தான் விக்கல். இருப்பைக் கூட்டினேன். பொத்தானை அமுக்கினால் பாட்டு ஒரு நொடி யோசித்து வந்தது. யோசிக்கட்டும், விக்காமல் இருந்தால் போதும் என்று விட்டேன்.

கடைசியாக, வேகத்தைக் கூட்டினாலும் குரல் மாறாமல் பார்த்துக்கொள்ளும் இடத்தில் இருப்பதிலேயே உயர்ந்த தரத்தைப் போட்டேன். ஆகா, அந்தக் குரல். எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து பாடியது. மணப்பெண்ணின் பாட்டை நாள் முழுக்க ஓடவிட்டேன். ஒரு விக்கல் இல்லை.

"இது நல்லாத்தானே இருக்கு. வெளிய போனா மட்டும் இதுக்கு என்னா வருது?" என்றாள் மனைவி.

அதுதான் எனக்கும் புரியவில்லை. ஹட்டனில் சவுண்ட் கார்டு விற்ற முஸ்லிம் கடைக்கார நானாவிடம் போய்க் கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாமான்ல ஒரு பிழையும் இல்ல தம்பி. ஊட்டுல நல்லா இரிக்கி, வெளிய போனா நடுங்குது எண்டா, ஒங்களுக்கு மாதிரி அதுக்கும் சபைப் பயம்" என்றார். ஆறுதலுக்குப் போன இடத்தில் கிடைத்தது இது.

கல்யாண வரவேற்பு பெரட்டுக்களத்தில். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் அந்த இடத்தில்தான் தறப்பாள் கட்டிப் பந்தல் போடுவது எங்கள் வழக்கம். பகல் சாப்பாட்டு நேரம்தான், ஆனால் மலைக்கு மேலிருந்து பனிமூட்டம் இறங்கி, றொசல்ல ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவியது மட்டும் கேட்டது. ரயிலைக் காணவில்லை. தறப்பாளின் ஓரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி வழக்கம்போல மடிக்கணினிக்குச் சட்டையைப் போட்டுவிட்டாள்.

சட்டை என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. முன்பு ஒரு மிக்சர் இப்படிப்பட்ட ஈரத்தில்தான் செத்துப்போனது. அதனால் அவள் பழைய கம்பளி ஒன்றை வெட்டி, அடியிலும் பக்கத்திலும் பின்னாலும் மூடி, திரையும் எழுத்துகளும் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி தைத்து, பொத்தானும் வைத்திருந்தாள். எங்கள் ஊரில் சுவெட்டர் போடாமல் ஒரு சீவன் வெளியே இறங்காது. கைக்குழந்தை போடுகிறது, கணக்கப்பிள்ளை போடுகிறார், கணினியும் போட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம், "பொஞ்சாதின்னா இப்படி இருக்கணும்" என்று பாராட்டிவிட்டுத்தான் போவார்கள்.

மஸ்கெலியா பஸ் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். பாட்டு தெளிவாக, இதமாக ஓடியது. ஒரு பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே பாயசம் குடித்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.

அப்போது வந்தது. "ட்ர்ர்."

ஒன்றுதான், சின்னது. சாப்பாட்டுச் சத்தத்தில் பலருக்குக் கேட்டிருக்காது. ஆனால் எதிர் வீட்டு வாசலில் திரைச்சீலை விலகி, பூ வைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. பஃபரைக் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பந்தலின் கடைசியில் சித்தப்பா எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மணப்பெண்ணின் அம்மா, அந்த அக்கா, வேகமாக வந்தார். பீலித் தண்ணீரில் பாத்திரம் கழுவிவிட்டு வந்த கை, குளிரில் விரல் மடங்கவில்லை.

"தம்பி, புள்ள அங்க அழுற மாதிரி நிக்குது. அடுத்தது அவ ஆட்டம்தான். சரியாயிருமா?"

"பாக்குறேன்க்கா."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசிக்கொண்டே, குளிர் தாங்காமல் இரண்டு கையையும் கம்பளிச் சட்டைக்குள் விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"யாத்தே, இதுக்குக் காய்ச்சலு அடிக்குது தம்பி. நெருப்பா கொதிக்குது. இந்தக் காய்ச்சலோடயா பாட வைக்கிற?"

ஹெட்போனைக் கழற்றினேன். உள்ளே விசிறி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் காற்றுப் போகும் துவாரத்தின் மேல் இரண்டு மடிப்புக் கம்பளி, அதற்கு மேல் ஒரு பொத்தான். அடியில் இன்னும் இரண்டு மடிப்பு. வீட்டில் அடுப்புச் சூடு இருப்பதால் இதற்குச் சட்டை போடுவதே இல்லை. வெளியே வந்தால்தான் போடுகிறோம். வெளியே வந்தால்தான் விக்கல்.

அந்தக் கணினிக்குச் சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேலையை மெதுவாக்கும். நானோ குரல் மாறாத உயர்ந்த தரம், அது இது என்று அதன் தலையில் இருமடங்கு சுமையைத் தூக்கி வைத்து, கம்பளியையும் போர்த்திவிட்டு, ஏன் மூச்சு வாங்குகிறது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சட்டையின் பொத்தானைக் கழற்றினேன்.

"ஏங்க, என்னா செய்றீங்க, நனைஞ்சிரும்" என்று மனைவி ஓடிவந்தாள்.

"வேர்த்துக் கொட்டுது இதுக்கு. ஒன் பாசம் தாங்கல."

பந்தியிலிருந்து நாலு கோப்பையை வாங்கிக் கவிழ்த்து, அதன் மேல் கணினியைத் தூக்கி வைத்தேன். அடியில் மலைக்காற்று புகுந்து போனது. அந்தக் காற்றைக் காசு கொடுத்தாலும் கொழும்பில் வாங்க முடியாது. ஆனால் மேலே தறப்பாளின் தையலிலிருந்து சொட்டு விழ ஆரம்பித்தது. மேசையை நகர்த்த வயர் எட்டவில்லை. அக்கா, மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்து விரித்தார்.

"நான் பிடிக்கிறேன். நீ போடு."

"அக்கா, நீங்க முன்னால போய் உக்காந்து பாருங்க, புள்ள ஆடுறத."

"எனக்கு இங்கருந்தே தெரியும். நீ போடு தம்பி."

பெண்கள் வந்து நின்றார்கள். விசிறியின் ஊளை இறங்கிக்கொண்டிருந்தது. முழுதாக இறங்கும்வரை இருக்க நேரமில்லை. பாட்டை எடுத்துவிட்டேன். வேகம் கூடியது, குரல் மாறவில்லை. மணப்பெண் முதல் அடியை வைக்கும்போது என்னைத்தான் பார்த்தாள், மாப்பிள்ளையை அல்ல. இரண்டாவது அடியிலும் என்னைத்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு மறந்துபோனாள். ஆட்டம் பிடித்துக்கொண்டது. மஸ்கெலியாப் பெரியவர் பாயசக் கிண்ணத்தில் தாளம் போட்டார்.

அப்புறம் பாட்டு நின்றது.

பெண்கள் கையைத் தூக்கியபடி சிலை மாதிரி நின்றார்கள். எங்கள் லயத்துச் சனம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. இது அவள் சொன்ன இடம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை பொத்தான் மேல் போய்விட்டது. அக்காவின் கைக் குடை சாய்ந்து ஒரு சொட்டு என் பிடரியில் விழுந்தது. பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல், "தண்ணி இந்தா வந்திருச்சுப்பா" என்று தொடங்கி முடிவதற்குள் மத்தளம் விழுந்தது. எல்லாப் பெண்களும் ஒரே சுற்றாகச் சுற்றினார்கள்.

அதற்குப் பிறகு பாட்டு எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு கைதட்டல். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று தட்டினார். சித்தப்பா கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நடுப்பந்தலில் நின்றார். எல்லோரும் அவரைப் பார்ப்பது தெரிந்ததும், தானே குடித்துவிட்டு, "எனக்குத்தான் விக்கல்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிந்ததும் மணப்பெண் வியர்வையோடு ஓடிவந்தாள். என்னிடம் வருகிறாள் என்று நினைத்தேன். குடைக்குள் புகுந்து அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அக்காவின் இடது தோள் முழுக்க நனைந்திருந்தது. குடையை மொத்தமும் கணினிப் பக்கமே சாய்த்திருக்கிறார். என் மனைவி கம்பளிச் சட்டையை எடுத்து அக்காவின் தோளில் போர்த்தி, கழுத்துக்குக் கீழே அந்தப் பொத்தானையும் போட்டுவிட்டாள். திரைக்காக விட்ட ஓட்டை வழியே அக்காவின் நகை மட்டும் தெரிந்தது.

பிறகு மனைவி மேசைப் பக்கம் திரும்பி, ஒன்றும் போர்த்தாமல் குளிரில் கிடந்த சவுண்ட் கார்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுக்காவது ஒரு தொப்பி தைக்கட்டுமாங்க?"