நவம்பரில் வெட்டிய மொட்டுகள்

என் கணவருக்கு வேலை போன குளிர்காலத்தின் முடிவில்தான் அந்தச் செடியை வாங்கினேன். நாங்கள் இருக்கும் அமெரிக்க ஊரான மான்மவுத் ஜங்ஷனில் டிசம்பர் வந்துவிட்டால் தோட்டம் என்பது வெறும் குச்சிகள்தான். நாலரைக்கே இருட்டிவிடும். சோபாவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மாட்டார். குளிக்கச் சொன்னால் ‘அப்புறம்’ என்பார். டாக்டர் டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் என் பங்குக்கு ஒரு விட்ச் ஹேஸல் வாங்கினேன். ஜனவரிப் பனியில், இலையே இல்லாத கிளையில் மஞ்சளாகப் பூக்குமாம். மண் இளகியதும் சோபாவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஜன்னலுக்கு நேரே நட்டேன். எதையும் நான் நினைத்தால் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன். இலை உதிர்ந்தபோது கிளைகளில் மிளகு மிளகாக மொட்டுகள் இருந்தன. தினமும் ஆபீஸ் கிளம்பும்போது ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன். நவம்பரில் ஒரு நாள் திரும்பி வந்தால், வாசலில் இருந்த புதர்கள் எல்லாம் பந்து பந்தாக வெட்டப்பட்டிருந்தன. என் விட்ச் ஹேஸலும்தான். மொட்டு வைத்த நுனிகள் புல்லில் கிடந்தன. அவர் கையில் ட்ரிம்மர்.

“ஒரு வேலையும் இல்லாம உக்காந்திருக்கீங்க. செய்யற ஒரு வேலையையாவது உருப்படியா செய்யக் கூடாதா?” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

“எல்லாத்தையும் ட்ரிம் பண்ணேன், இதையும் பண்ணிட்டேன். வீடு நீட்டா இருக்குமேன்னு...”

பாதியில் நிறுத்திவிட்டு, குனிந்து குச்சிகளைப் பொறுக்கிப் பேப்பர் பையில் போட ஆரம்பித்தார். ட்ரிம்மரைத் துடைத்து கராஜில் வைத்தார்.

சாப்பாடு போடும்போதுதான் கவனித்தேன். ஷேவ் பண்ணியிருந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். யாரும் சொல்லாமல் அவராகவே எழுந்து, குளித்து, வெளியே போன முதல் நாள் அது. அப்போதே அவர் கையைப் பிடித்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் ஆறவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் தோட்டத்தில் இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. “பரவால்ல விடு” என்பார். அடுத்த கோடையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்து, குடியிருப்பு அசோசியேஷனிலிருந்து வெட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆள் வைத்து வெட்டினோம்.

இந்த ஜனவரியில் செடி பூத்தது. எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்ட மாதிரி கிளையெல்லாம் மஞ்சள், அதன் மேல் கொஞ்சம் பனி. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. ஆனாலும் கூப்பிட்டேன்.

“ஏங்க, ஜன்னல் வழியா பாருங்க. பூத்திருக்கு.”

தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாருக்கு. நான் அது கிட்டயே போகல” என்றார், நான் எதுவும் கேட்காமலேயே.