உப்பு தின்ற வண்டி

மருமகன் வாங்கிய புது ஸ்போர்ட்ஸ் கார் உப்பளச் சாலையில் சீறியது. "முழுக்க அலுமினியம் அத்தை. பழைய கார் பைத்தியங்களுக்கே பிடிச்சுப்போச்சு" என்றார். உப்புக்காற்று என் உதட்டில் கரித்தது.

எழுபதுகளில் மில்லர்புரத்துச் சித்தப்பா, இரண்டு பேர் உட்காரும் திறந்த காரில் இதே சாலையில் என்னை ஏற்றிப் பறப்பார். வேகம் கூட வேண்டுமென்று பம்பரையும் ஸ்டெப்னியையும் கழற்றிவிட்டிருந்தார். குடிக்கவே நல்ல தண்ணீருக்குப் பஞ்சம் என்பதால் வண்டியைக் கிணற்று உவர்நீரில்தான் கழுவுவார்.

"மாசா மாசம் கனம் கொறயுது, பாத்தியா" என்று பூரித்துப்போவார். ஷெட்டைப் பெருக்கும் சித்தி, "வண்டிக்கு அடியில செவப்பா கொட்டிக் கெடக்கு. தெனமும் முறத்துல அள்ளுதேன்" என்பாள். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒரு சாயங்காலம் என் காலடித் தகடு உதிர்ந்து, கீழே சாலை ஓடுவது தெரிந்தது. காட்டினேன். "ஏளா, காலத் தூக்கி வச்சுக்க" என்று வேகத்தைக் கூட்டினார். மறுநாள் தனியாகப் போனார். ஆத்தூர் போகும் வழியில் வண்டி நடுவில் ஒடிந்தது. தகரத்தோடு சேர்த்துத்தான் அவரைத் தூக்கி வந்தார்கள்.

"எப்படி இருக்கு அத்தை?" என்றார் மருமகன்.

"நல்லாத்தான் இருக்கு. கனமே தெரியல" என்றேன்.

குனிந்து பார்த்தேன். என் கால்கள் இரண்டும் தரையில் படாமல் தூக்கியே இருந்தன.