மூச்சை விடுங்க, அத்தான்

என் அத்தான் கதிர்காமத்தம்பியை ஊரே நல்ல மனிதர் என்று சொல்லும். சொல்லட்டும். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். ஒரே வளவுக்குள் இருந்து அவரோடு மாரடிக்கிறவள் நான். என் பெயர் சின்னத்தங்கம். அவருடைய மனைவி ஆச்சிப்பிள்ளை என் கூடப்பிறந்த அக்கா. நான் அவரை இன்றைக்கும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அத்தான் சுழியோடி. கண்டல் வேரில் வலை சிக்கினாலும், துறையில் யாருடைய சங்கிலியாவது விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தண்ணீருக்குள் போய்விட்டால் கரையில் நிற்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டும். மேலே வந்து, முகத்தை வழித்துவிட்டு, "என்னடாப்பா, எல்லாரும் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு திமிர் இருக்கும். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அவர் வாவிக்குள்ளிருந்து தூக்கி வந்தவை வலையும் சங்கிலியும் அல்ல. யார் வீட்டுப் பிள்ளைகள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதவை. அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசியதில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்கு நித்திரை போனது. பிடரி வலித்தது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது.

தொண்ணூற்றாறில் அவரை இழுத்துக்கொண்டு அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கரைக்குப் போவதென்றால் சும்மா இல்லை. இந்தப் பக்கம் இயக்கம், அந்தப் பக்கம் ஆமி, நடுவில் வாவி. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, அக்கரைத் துறையில் இறங்கி, ஆமியின் காவல் சென்றியில் அடையாள அட்டையைக் காட்டி, போட்டிருந்த சேட்டைத் தூக்கி வயிற்றைக் காட்டி, அதற்குப் பிறகுதான் நோயாளி. வாவியின் அடிமண்ணைத் தொட்டுப் பார்த்த மனிதன் ஒரு சின்னப் பெடியனுக்கு முன்னால் சேட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் பிறஸர் பார்க்கிற கைபட்டியைக் கட்டி அளந்து பார்த்துவிட்டு இரண்டாம் தடவையும் அளந்தார். நல்ல மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர், ஆறுதலாகப் பேசினார்.

"ஐயா, உங்களுக்குப் பிறஸர் நல்லாக் கூடிப்போச்சு. இந்தக் குளிசை நாளுக்கு ஒண்டு. ஒரு நாளும் விடக்கூடாது. நித்திரை வராமல் நெஞ்சு அடிக்குதெண்டு சொன்னீங்கள், அதுக்கு ஒரு பயிற்சி சொல்லித் தாறன். வெறும் வயித்தில நிமிர்ந்து இருங்கோ. வலது மூக்கை விரலால மெல்லப் பொத்துங்கோ, நசிக்க வேண்டாம். இடது மூக்கால சத்தம் வராமல் ஆறுதலா இழுங்கோ. பிறகு இடதைப் பொத்தி வலதால விடுங்கோ. இழுக்கிறதை விட விடுறது நீளமா இருக்கோணும்."

"எவ்வளவு நேரம் அடக்கிறது, டொக்டர்?" என்று கேட்டார் இவர். கேட்கும்போதே முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அடக்கவே கூடாது. பிறஸர்க்காரர் மூச்சை அடக்கினா ஆபத்து. தலை சுத்தினா உடன நிப்பாட்டிப் போட்டுச் சும்மா இருங்கோ. தடிமன், மூக்கடைப்பு எண்டா அண்டைக்குச் செய்யவே வேண்டாம். இன்னுமொண்டு, இது குளிசைக்குப் பதில் இல்லை. குளிசையோட சேர்த்துத்தான்."

நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். நாளைக்கு யாராவது டொக்டரைக் குற்றம் சொன்னால் என்னிடம் வாங்கிக்கட்டுவார்கள்.

ஒரு மாதக் குளிசை எழுதித் தந்தார். திரும்பி வரும்போது சென்றியில் பையைக் கொட்டி, பத்துக் குளிசையை மட்டும் தந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஆளுக்குப் பத்து நாளுக்குத்தான் மருந்து கொண்டுபோகலாமாம். மிச்சம் காட்டுக்கு, இயக்கத்துக்குப் போய்விடுமாம். அத்தானுடைய பிறஸரைக் காட்டுக்குள் இருக்கிறவனுக்கு ஏற்றப் போகிறோமா நாங்கள்? கேட்கத்தான் வாய் வந்தது. அத்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மூச்சுப் பயிற்சி அவருக்கு உண்மையிலேயே சுகம் தந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். காலையிலும் பின்னேரத்திலும் கரையில் இருந்து செய்வார். நித்திரை கொஞ்சம் வந்தது. ஷெல் அடிக்கும்போது பங்கருக்குள் அயல் சனமெல்லாம் நடுங்கிக்கொண்டிருக்கும். இவர் ஒவ்வொருவராக மூக்கைப் பொத்தச் சொல்லி, "மெல்ல இழு, மெல்ல விடு" என்று சொல்லிக்கொடுத்தார். சனம் அடங்கியது. சரி, பிரயோசனமான காரியம் ஒன்று செய்கிறார் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் சுழியோடிப் புத்தி போகுமா? தோணிக்காரச் சீனித்தம்பி கோயிலில் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, இடது மூக்கு சந்திரன், வலது மூக்கு சூரியன் என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான்.

"சந்திரன் பொம்பிளையளுக்கு. நான் சூரியன்," என்றார் இவர். வலது மூக்கால் விர்ரென்று இழுத்து, இரண்டையும் பொத்திக்கொண்டு உம்மென்று இருப்பார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்கும். கரையில் நிற்கிறவர்கள் எண்ணுவார்கள். எழுபது, எண்பது என்று போகும். வாவிக்குள் இறங்க ஆமி தடை போட்டிருந்த காலம். தண்ணீர் இல்லாமலே சுழியோடிக் காட்டினார் மனிதர்.

"டொக்டர் என்ன சொன்னவர்? அடக்கக் கூடாதெண்டு சொன்னவரா இல்லையா?" என்று கத்தினேன்.

"நீ போகா. மூச்சடக்கிறதுல எனக்குப் படிப்பிக்க வந்திட்டா."

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அக்காவுக்கும் பிறஸர். பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு தடவை வந்த நடமாடும் வைத்தியர்கள் அளந்து பார்த்து, அத்தானை விடக் கூட என்றார்கள். உடனே அக்கரைக்குப் போகச் சொன்னார்கள். எப்படிப் போவது? அவளுடைய அடையாள அட்டை தொண்ணூறில் வீட்டோடு எரிந்துபோனது. புது அட்டை எடுக்க அரசாங்கக் கந்தோருக்குப் போகவேண்டும். கந்தோர் அக்கரையில். அக்கரைக்குப் போக அட்டை வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவனை நான் ஒரு நாள் பார்க்கவேண்டும். பார்த்தால் என் வாயிலிருந்து வருவதை எழுத முடியாது.

ஒரு நாள் காலை அக்கா வெறுந்தேத்தண்ணியோடு ஒரு சின்ன வெள்ளைக் குளிசையை விழுங்குவதைப் பார்த்தேன்.

"ஆர் தந்த?"

"அவர்தான். டொக்டர் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் தந்தவராம். அண்டையிலிருந்து நாளுக்கு ஒண்டு போடுறன்."

சென்றியில் என் கண்முன்னால் எண்ணிக் கொடுத்தது பத்து. பிறகும் நாலு தடவை அவர் தனியே போய் வந்தார், ஒவ்வொரு தடவையும் பத்துத்தான் விடுவார்கள். அக்கா நாளுக்கு ஒன்று போட்டால் இந்த மனிதன் எதைப் போடுகிறார்? கிட்டத்தட்ட ஐம்பது நாளாக ஒன்றையும் போடவில்லை.

ஓடினேன். கரையில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வலையைப் பிடுங்கி எறிந்தேன்.

"விசரா உங்களுக்கு? சாகப் போறீங்களா?"

அவர் வலையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு மூச்சு இரிக்கு புள்ள. அவளுக்கு என்ன இரிக்கு? ஒரு படி ஏறினாலே இளைக்கிறவள்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த எழுபதும் எண்பதும் வெறும் திமிர் இல்லை. குளிசை செய்யவேண்டிய வேலையை மூச்சை அடக்கிச் செய்துவிடலாம் என்று இந்த மனிதன் மெய்யாகவே நம்பிக்கொண்டிருந்தார். செய்யவே கூடாத ஒன்றை மருந்தென்று நினைத்துச் செய்துகொண்டிருந்தார்.

"பாதிப் பாதியாவது போடுங்க."

"பாதி போட்டா ரெண்டு பேருக்கும் பாதிச் சாவு. அக்காட்டச் சொல்லிப்போடாத. சொன்னா அவள் ஒண்டையும் தொடமாட்டாள்."

அது உண்மை. அக்கா அப்படிப்பட்டவள்தான். அடுத்த முறை அக்கரைக்குப் போக இன்னும் நாலு நாள் இருந்தது. இந்தத் தடவை நானும் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அக்காவின் பெயருக்கும் எழுதி வாங்குவது என்று முடிவு செய்தேன். நாலு நாள்தானே, பொறுப்போம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஊரெல்லாம் கத்துகிற இந்த வாய், கத்தவேண்டிய இடத்தில் மூடிக்கொண்டது. என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் கரையிலிருந்து சீனித்தம்பி குளறினான். அத்தான் மணலில் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை முகத்துக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தது. நான் தூக்கினேன், கை தொப்பென்று விழுந்தது.

தோணியில் ஏற்றினோம். வராதே என்று சொல்லியும் அக்கா அட்டை இல்லாமலே ஏறிவிட்டாள். அக்கரையில் அன்றைக்கென்று றவுண்டப், வீடு வீடாகத் தேடுதல். பத்து மணி வரைக்கும் ஒருவரையும் விடமாட்டோம் என்று சென்றியில் மறித்துவிட்டார்கள். மூன்று மணித்தியாலம். தோணிக்குள் மனிதன் கொர்கொர் என்று மூச்சு விடுகிறார், கரையில் இருக்கிறவன் தேத்தண்ணி குடிக்கிறான். நான் கத்தினேன், கரையில் குதித்து மண்ணை வாரித் தூற்றினேன். சுட்டால் சுடட்டும் என்றுதான் நின்றேன். கடைசியில் மேலதிகாரி ஒருவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். யாரும் அக்காவிடம் அட்டை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைக் கேட்டார், "குளிசை போட்டவரா? மூச்சை அடக்கினவரா?" எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்து அப்படியே கீழே இருந்துவிட்டாள். டொக்டர் முதலில் அவளுக்குத்தான் கைபட்டியைக் கட்ட வேண்டியிருந்தது.

உயிர் தப்பியது. வலது கை போனது போனதுதான். கந்தோரில் அக்காவுக்கு ஒரு தற்காலிகத் துண்டும், ஆஸ்பத்திரியில் மருந்து எழுதுகிற ஒரு கிளினிக் கொப்பியும் கிடைத்தன. இனி அவளும் அக்கரைக்குப் போகலாம், அவளுக்கும் பத்துக் குளிசை. அத்தானின் கை செத்துத்தான் என் அக்காவுக்கு ஒரு கொப்பி கிடைத்தது. இதை நியாயம் என்று சொல்கிறவன் யாராவது இருந்தால் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும்.

இப்போது காலையில் மூவரும் கரையில் இருப்போம். டொக்டரைக் கேட்டுவிட்டுத்தான் பயிற்சியைத் திரும்பத் தொடங்கினோம். அத்தானின் வலது கை விரல் எழும்பாது. அக்காதான் பக்கத்தில் இருந்து தன் விரலால் அவருடைய வலது மூக்கைப் பொத்துவாள். இடதால் இழுப்பார். பழைய புத்தி, சில வேளை நெஞ்சு அப்படியே நின்றுவிடும்.

"மூச்ச விடுங்க, அத்தான்!" என்று கத்துவேன். விடுவார்.

அதற்குப் பிறகு குளிசை. என் கண்முன்னால் முதலில் அவர், பிறகு அக்கா. பின்னொரு நாள், வாவியில் சண்டை என்று எட்டு நாளாகப் பாதை ஓடவில்லை. கையில் ஆளுக்கு இரண்டு குளிசைதான் மிச்சம். அத்தான் தண்ணீர் குடித்தார். தலையை ஆட்டினார். எனக்கு ஏதோ சந்தேகம். வாயைத் திறக்கச் சொன்னேன். கோணிப்போன பக்கத்துக் கன்னத்துக்குள் குளிசை கரையாமல் இருந்தது.

"ஆருக்கு இது?"

உணர்ச்சி இருந்த மற்றக் கையால் அக்காவைக் காட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் தெரியவில்லை. "விழுங்குங்க! இல்லாட்டி இப்ப ரெண்டு மூக்கையும் நான் பொத்துவன்!"

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா தன் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க விழுங்கினாத்தான் நானும்," என்றாள். கடைசியில் விழுங்கினார். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். நாக்கைத் தூக்கியும் காட்டினார். அதற்குப் பிறகுதான் அக்கா தன்னுடையதை வாயில் போட்டாள்.