ரீச்சரின் மழைத்தண்ணீர்

மாரி மழை தொடங்கி இரண்டு நாள் போனதும், நான் படிப்பிக்கும் பாடசாலையின் உதவி அதிபர் ரீச்சர் கூரைப் பீலியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிவிடுவார். வடிந்து விழும் தண்ணீர் போத்தல் போத்தலாக நிறையும். எல்லாம் அவருடைய காரின் ரேடியேற்றருக்கு. எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கடையில் வாங்கும் கூலன்ற்றோடு அதைத்தான் கலப்பார். என் வயதைவிடக் கூடிய வயதுள்ள அந்தக் காரை, சனிக்கிழமை காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து, தண்ணீர், எண்ணெய், பெல்ற் எல்லாம் பார்த்த பிறகுதான் தேநீர் குடிப்பார். ஆசிரியர் அறையில் அதை வைத்து அவரை அதிகம் கேலி செய்தவன் நான்தான். "வீட்டுக் கேத்திலின்ரை அடியை ஒருக்கால் பார் தம்பி. கிணத்துத் தண்ணியிலை வாற உந்தச் சுண்ணாம்புதான் காருக்குள்ளையும் பிடிக்கும்" என்பார், கொஞ்சமும் கோபிக்காமல்.

என் பெரியப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் ஏறாது. சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரை ஊரே புகழும். ஆகவே அதையேதான் தன் வான் வண்டிக்கும் வருடக் கணக்காக ஊற்றிவந்தார். என் கலியாணத்துக்கு வல்வெட்டித்துறைக்குப் போக, தன் காரில் மாப்பிள்ளையை ஏற்றட்டுமா என்று ரீச்சர் கேட்டபோது, பெரியப்பா அவர் முகத்துக்கு நேரேயே சொன்னார்: "உந்தப் பழங்காரிலை மாப்பிள்ளை போறதோ? சனம் சிரிக்கும்." கலியாணத்தன்று ரீச்சர் எங்கள் வானுக்குப் பின்னால் தனியாகக் காரில் வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பெரியப்பாவின் வானிலேயே ஏறினேன்.

புத்தூர் தாண்டி வல்லை வெளிக்கு வந்தபோது வான் கொதித்து நின்றுவிட்டது. மர நிழல் இல்லை, வீடு இல்லை. சுற்றிவரக் கிடந்தது உப்புத் தண்ணீர். கூறையும் தாலியும் என் மடியில். முகூர்த்தத்துக்கு முக்கால் மணித்தியாலம்தான் இருந்தது. பெரியப்பா சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேற்றர் மூடியைத் திருகப் போனார். ரீச்சர் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "ஐயா, கை வையாதேங்கோ! ஆவி முகத்திலை அடிக்கும். உள்ளுக்குச் சுண்ணாம்பு அடைச்சுப்போச்சு, இனித் தண்ணி விட்டும் பிரயோசனமில்லை. எல்லாரும் என்ரை காரிலை ஏறுங்கோ."

பெரியப்பா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். மாப்பிள்ளைத் தோழனும் பெரியம்மாவும் தாம்பாளங்களோடு நெருக்கியடித்து ஏறினார்கள். அந்தப் பாரத்தோடும் உச்சி வெயிலில் கார் சீராக ஓடியது. நான் வெப்பம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாதியைத் தாண்டவே இல்லை. "முள்ளை நான் பார்க்கிறன். நீ முகத்தைத் துடை. பொம்பிளை பயந்திடுவா" என்றார் ரீச்சர். எத்தனை நாள் கேலி செய்திருப்பேன்! அன்று அந்தக் காரைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

பந்தலடியில் கார் நின்றபோது முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மேளம் முழங்க, பெண் வீட்டார் ஆரத்தியோடு என் பக்கக் கதவுக்கு வந்தார்கள். பெரியப்பா முந்தி இறங்கிக் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். சுற்றிப் போய் ரீச்சரின் கதவைத் தன் கையாலேயே திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார், அந்த மேளத்துக்கு மேலாக. "முதல் ரீச்சர் இறங்கட்டும். மாப்பிள்ளை பிறகு வருவார்."