சூனியக்காரிக்கு வைத்த முகம்

1. பிளாக் வராத வெள்ளிக்கிழமை

படம் அச்சடிக்க மதுரையிலிருந்து வரவேண்டிய துத்தநாகத் தகடு, அதாவது பிளாக், வரவில்லை. அச்செழுத்துக் கோக்கும் கம்போசிட்டர்கள் பக்கத்தைக் கோத்து முடித்துவிட்டார்கள். நடுவில் படத்துக்கு விட்ட இடம் மட்டும் பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. முதலாளி என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஏப்பா ஆர்ட்டிஸ்ட்டு, சாயங்காலத்துக்குள்ள ஒரு சூனியக்காரி வேணும்.”

“எப்படிப்பட்ட சூனியக்காரிங்க?”

“சூனியக்காரியில என்னய்யா சைவம் அசைவம்? கெழவியா, பயமா இருக்கணும். இடுப்புல தண்ணிக்குடம். அம்புட்டுதான்.”

ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல்லில் அந்த அச்சகத்தில் நான் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சோப்பு லேபிள், மூக்குப்பொடி லேபிள், சினிமா நோட்டீஸ் ஆகியவற்றுக்கு லினோ செதுக்குவது என் வேலை. லினோலியத் துண்டைக் கட்டையில் ஒட்டி, உளியால் செதுக்கி, அதையே அச்சுக்கு வைப்போம். துத்தநாக பிளாக்கைவிட மட்டம்தான். ஆனால் உள்ளூரிலேயே, அன்றைக்கே முடியும்.

என் அறை பேப்பர் குடோனுக்குப் பின்னால் இருந்தது. முன்கட்டில் கம்போசிட்டர்கள் சேர்ந்து பாடுவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், சேர்ந்தே முதலாளியைத் திட்டுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சொந்தம் என்று ஊரில் ஒருத்தரும் கிடையாது. படுக்கையும் அதே அறையில்தான். பல நாள் காலையிலிருந்து இரவு வரை என் வாயிலிருந்து வந்த ஒரே பேச்சு ‘சரிங்க முதலாளி’ என்பதாகத்தான் இருக்கும்.

அப்போது எங்கள் அச்சகம் மாதம் ஒரு பாகமாக ‘நீலவேங்கைக் காடு’ என்ற நாவலை அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான மாயக்கதை. காணாமல்போன தம்பியைத் தேடி ஒரு பெண் காட்டுக்குள் போகிறாள். அந்தக் காட்டில் ஏழு சூனியக்காரிகள். ஆறு பேர் ஒன்றாகத் திரிவார்கள். மூத்தவள் மட்டும் தனி. தாகத்தோடு வரும் பிள்ளைகளுக்கு அவள் குடத்திலிருந்து தண்ணீர் கொடுப்பாள். குடித்த பிள்ளை மரமாகிவிடும். அந்த மூத்தவளைத்தான் முதலாளி கேட்டார்.

எனக்கு ரோஜா வரும், புலி வரும். பெண் முகம் வராது. அன்று முதலில் வரைந்த கிழவி, சேலை கட்டிய போலீஸ்காரர் மாதிரி இருந்தாள். அடுத்தவள் அதைவிட மோசம். மூன்றாவது காகிதத்தைக் கசக்கும்போது அருளாயி அக்கா உள்ளே வந்தார்.

“என்ன அப்பு, மூஞ்சி செத்துப்போயிக் கெடக்கு? சாப்டியா?”

தண்ணீருக்குத் திண்டாடும் ஊர் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே கிணற்றில் எடுத்து, அச்சகத்துக்கும் அடுத்த தெருவில் இருந்த பெண்பிள்ளைகள் விடுதிக்கும் குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றுவார் அவர். என் பானையை நிரப்பிவிட்டு இந்த ஒரு கேள்வி கேட்பார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். திண்டுக்கல்லில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஆள் அவர் ஒருத்தர்தான்.

அவர் போனதும் கை தானாக ஓடியது. கோணிய மூக்கு, முன்பல் போன வாய், தாடையில் மரு, எண்ணெய் காணாத நரைமுடி. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பெண் முகம் அது ஒன்றுதானே! இரண்டு மணி நேரத்தில் செதுக்கி முடித்தேன். லினோவில் எதையும் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டேன். அச்சில் குடம் இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்குப் போய்விட்டது. நல்லதாயிற்று, ஆள் தெரியாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

2. பாராட்டு

புத்தகம் நன்றாக விற்றது. “மதுரைக்காரன் பிளாக்கெல்லாம் இதுகிட்ட நிக்குமாய்யா!” என்றார் முதலாளி. கம்போசிட்டர்கள் முதல்தடவையாக என் அறைக்கு வந்தார்கள்.

“ஏலே, இது நம்ம தண்ணிக்கார அருளாயில்ல?” என்று அவர்களில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அத்தனை பேர் என்னைச் சுற்றி நின்றது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

3. எட்டு நாள்

இரண்டு வாரம் கழித்து அருளாயி அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

“என்னமோ தெரியல அப்பு. நான் ஊத்துன தண்ணிய விடுதிப் பிள்ளைக தொட மாட்டேங்குதுக. என்னையக் கண்டா ஓடுதுக. நேத்து ஒரு சின்னப்பிள்ள குடிக்காமக் கெடந்து வெயில்ல மயங்கி விழுந்திருச்சு. விடுதிய நடத்துற சிஸ்டரு இந்த மாசத்தோட நின்னுக்கிறச் சொல்லிட்டாங்க. நான் என்ன பாவம் செஞ்சேன்?”

அந்த விடுதியில்தான் அவருக்கு இரண்டு வேளைச் சோறு. அடுப்படியை ஒட்டிய தாழ்வாரத்தில் படுக்கை. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளை இல்லை. அதுவும் போனால் அவருக்குத் தெருதான்.

காரணம் எனக்குத் தெரியும்; விடுதிப் பிள்ளைகள் கையிலும் அந்தப் புத்தகம் இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. முதலாளியிடம் போய், விடுதியில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

“வாயத் தொறந்தீருன்னா பொஸ்தகம் நின்னுபோகும். ஒம்ம வேலையும் நின்னுபோகும். பேசாமப் போயிப் பொழப்பப் பாரும்” என்றார்.

பேசாமல்தான் இருந்தேன். வேலை போனால் அந்த அறையும் போகும், எனக்குப் போக்கிடம் ஏது என்று பயந்தேன். எட்டு நாள் அவர் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவதைத் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அதே பயம்தானே அவருக்கும் என்பது எனக்கு உறைக்க எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

சிஸ்டர் படத்தைப் பார்த்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“இதை அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமே தம்பி. பிள்ளைங்களை உக்காத்தி வச்சு, அருளாயி கையால நானே வாங்கிக் குடிச்சுக் காட்டியிருப்பேன். இப்ப ரெண்டு பிள்ளைங்களோட அப்பாமாரு வந்து சண்டை போட்டுட்டாங்க. வேற ஆளுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. நான் என்ன செய்யட்டும்?”

4. அவர் கேட்டது

மாதக் கடைசியில் அருளாயி அக்கா துணிமூட்டையோடு வந்தார். சிஸ்டர் விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

“அய்யலூருல அண்ணன் வீட்டுக்குப் போறேன் அப்பு. மதினி மூஞ்சியத் தூக்குவா, தூக்கட்டும். ஆடு மேச்சுக்கிட்டுக் கெடக்குறேன். ஆடு கதைப் பொஸ்தகம் படிக்காதுல்ல?”

நான் அழுதுவிட்டேன். “மன்னிச்சிரு அக்கா” என்றேன்.

“அட, அழாத. படத்தக் காட்டு, பாப்போம்.”

காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“மூக்கு இம்புட்டுக் கோணலாவா இருக்கு? கொடத்த நான் எடது இடுப்புலல்ல வப்பேன், மாத்திப்புட்டியே.” சிரித்தார். பிறகு, “நான் இதுல என்ன செய்யிறேன்? எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே, நீ சொல்லு” என்றார்.

சொன்னேன். தண்ணீரை, மரமாகிப்போன பிள்ளைகளை, காட்டை.

“எம்புட்டுக் காலமா அந்தக் காட்டுல இருக்கேன்?”

“நூறு வருஷமா.”

“கூட யாரு இருக்கா?”

பக்கத்தைப் புரட்டினேன். தெரிந்த கதைதான்; தேடுவதுபோலப் பாசாங்கு செய்தேன். “யாரும் இல்லக்கா. தனியாத்தான்.”

“அங்கயுமா?” என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். அதற்குப்பின் நான் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு தடவை அய்யலூர்ச் சந்தைக்குப் போய் ஆட்டுக்காரர்களிடம் விசாரித்தேன். அண்ணன் பெயரைக்கூட நான் கேட்டுவைத்திருக்கவில்லை, எதைச் சொல்லி விசாரிப்பது?

5. இப்போது வரைகிறவர்களுக்கு

படம் போடும் பிள்ளைகள் சிலர் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். உளி பிடிப்பது, மை தடவுவது எல்லாம் பழகப் பழக வந்துவிடும். நான் சொல்வது ஒன்றுதான். கெட்டவன் முகம் வேண்டும் என்றால் அக்கம்பக்கத்தில் கடன் வாங்காதீர்கள். கண்ணாடியைப் பார்த்து வரையுங்கள்.

முதலாளி மிரட்டியதுபோல என் வேலை போகவில்லை; நான் அடுத்த பாகத்திலிருந்து அப்படித்தான் செய்தேன். ஒரு அரைக் கண்ணாடியைச் சுவரில் மாட்டி, என் கண்ணையும் என் கன்னத்துப் பள்ளத்தையும் பார்த்து மூத்த சூனியக்காரியைச் செதுக்கினேன். கிழவிக்கு முகம் மாறிவிட்டதே என்று வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். அவள் மாயக்காரி, உருமாறுவாள் என்று கதாசிரியர் சமாளித்தார். அதன்பிறகு நான் வேலையில் இருந்த காலமெல்லாம் வந்த கொள்ளைக்காரன், பேய், பிசாசு, அரக்கன் அத்தனையும் நான்தான்.

அருளாயி அக்காவின் முகத்தை ஒரே மாதத்தில் அந்தத் தெருவே கண்டுபிடித்துவிட்டது. என் முகத்தை இன்றுவரை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை.